ஜப்பானும் என் மூன்றாம் அத்தியாயமும்

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தருவியின் பெண்கள் பகுதியைத் தனி ஒருத்தியாக ஏழு நிமிடம் நிறுத்திவைத்தவள் என்று இந்த மாவட்டத்தின் வரலாற்றில் ஒரே ஒரு பெயரைத்தான் எழுத முடியும். அந்தப் பெயர் ஜப்பான். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அது அரசாங்கத்தின் வேலை. வெள்ளமில்லாத நாளில், வெயிலும் சாரலும் மாறி மாறி வரும் நல்ல பொழுதில், அத்தனை பெண்களையும் ஈரத்துணியோடு காத்திருக்க வைப்பதற்கு ஜப்பான் வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். ஆறவில்லை.

ஜப்பான் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. தென்காசியில் நான் முதுகலைத் தமிழ் படித்தபோது தங்கியிருந்த மகளிர் விடுதியில், வார்டன் அக்கா முதல் பால்காரர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் அழைத்தார்கள். ஊர் ராயகிரி, நெல் விவசாயக் குடும்பம். பகலில் ஆய்க்குடிப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. மாலையில் குரூப் நான்கு தேர்வுக்கான வகுப்பு. இந்தக் கடைசி வாக்கியம் அவள் தன் அப்பாவிடம் சொல்லியிருந்தது. உண்மையில் மாலைதோறும் கைப்பேசியில் ஜப்பானிய மொழி படித்தாள். ஜப்பானுக்குப் போய் அங்குள்ள முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்வது என்று முடிவு செய்து, அந்தச் செய்தி ராயகிரி எல்லையைத் தொடாமல் இரண்டு வருடம் காவல் காத்தாள்.

எனக்கு அமைதி பிடிக்கும். ஒருவர் பேசி முடித்தபிறகு சிறிது நேரம் சும்மா இருப்பது பிடிக்கும். என் புத்தகங்கள் நான் வைத்த இடத்தில் இருப்பது மிகவும் பிடிக்கும். இப்படிப்பட்ட எனக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் ஜப்பான்.

வந்த அன்றே வாசற்படிக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி, தரையில் சிவப்பு நாடா ஒட்டினாள்.

"இதுக்கு அங்கன வெளி. இங்கன வீடு. செருப்பு இந்தக் கோட்டத் தாண்டக்கூடாது."

நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை என் செருப்பு திரும்பியிருந்தது. குதிகால் அறையைப் பார்த்தும் விரல்கள் தெருவைப் பார்த்தும், நான் வீட்டைவிட்டு வெளியேறத் துடிப்பதுபோல. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வாயைத் திறந்தேன்.

"ஏன் திருப்பி வைக்க?"

"அவசரமா கெளம்புறப்ப அப்படியே கால நொழச்சிட்டு ஓடலாம்லா."

"இங்க யாரு அவசரமா ஓடுதா?"

"பூகம்பம் வந்தா?"

"தென்காசியிலயா?"

"ஜப்பான்ல."

அதோடு விட்டாளா? விடுதியின் பதினான்கு பெண்களுடைய செருப்புகளையும் திருப்பினாள். வார்டன் அக்காவின் செருப்பைத் திருப்பியபோது, தன்னை யாரோ வேலையைவிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து அந்த அக்கா உரிமையாளருக்குத் தொலைபேசியே செய்துவிட்டார்.

வெளியே கிளம்பும்போது "இத்தேகிமாஸ்" என்பாள். போய்விட்டு வருகிறேன் என்று பொருள். இதை நம் ஊரில் எல்லோரும் தமிழிலேயே காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதற்காக ஒரு தனி நாடு தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. திரும்பி வந்ததும் "தடாய்மா" என்பாள். வந்துவிட்டேன் என்று பொருள். நான் "ஒகாயெரி" என்று வரவேற்கும் வரை சிவப்பு நாடாவுக்கு அப்பால் நின்றுகொண்டிருப்பாள். குளியலறைக்குப் போனாலும் இதே முறைதான். வயிற்றுப்போக்கு கண்ட ஒருநாளில் அவளை நான் பதினொரு முறை வரவேற்றேன்.

பழமையில் மட்டும்தான் அவளுக்குப் பிடிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். ஊதா நிற முடியுள்ள பள்ளி மாணவிகள் காரணமில்லாமல் வானத்தில் பறக்கும் சித்திரத் தொடர்களைச் சாப்பாட்டைவிட ஒழுங்காகப் பார்ப்பாள். விடுதியின் எலுமிச்சைச் சாதத்தைக் கரடி முகமாகப் பிடித்து, கடுகால் கண் வைத்து, முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போவாள். விடுதி ஆண்டுவிழாப் புகைப்படத்தில் எல்லோரும் கைகட்டி நிற்க, அவள் மட்டும் கன்னத்தருகே இரண்டு விரல்களை விரித்து வைத்திருப்பாள். அந்த விரல்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் முகம் என்னுடையது.

ரயில் ஒரு நிமிடம் தாமதித்தாலும் அங்கே பயணிகளிடம் மன்னிப்புக் கேட்பார்களாம். ஒருநாள் குற்றாலம் போகும் நகரப் பேருந்து நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நடத்துநர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆகவே ஜப்பான் கேட்டாள். இருக்கையைவிட்டு எழுந்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, இடுப்பை வளைத்து நின்றாள்.

"பஸ்ஸு நாலு நிமிசம் லேட்டு. எல்லாரும் மன்னிக்கணும்."

மடியில் பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாருட்டி மன்னிப்புக் கேக்க? டிரைவரு பொண்டாட்டியா?"

நடத்துநர் பின்னாலிருந்து கத்தினார். "ஏ பாப்பா, நேத்து நாப்பது நிமிசம் லேட்டு. அதுக்கும் சேத்துக் கேட்டுரு."

ஜப்பான் அதற்கும் சேர்த்துக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் ஆழமாக வளைந்து. நான் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இவளை எனக்குத் தெரியாது என்று முகத்தால் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கோமதி-சான், நீயும் எந்திரி" என்றாள், என் பெயரோடு அந்நாட்டு மரியாதைச் சொல்லையும் சேர்த்து, பேருந்து முழுவதற்கும் கேட்கும்படி.

இனி ஐந்தருவி. அந்நாட்டு மலைத்துறவிகள் அருவியின் கீழ் நின்று மனத்தைக் கழுவுவார்களாம். வெள்ளுடை உடுத்தி, இரண்டு முறை கைதட்டி, அருவியை வணங்கி உள்ளே போய், விரல்களைக் கோத்துக் கண்மூடி மந்திரம் சொல்லவேண்டும். மனம் வெறுமையாகும் வரை அசையக்கூடாது. "குத்தாலத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதச் செய்யலன்னா பெரிய பாவம்" என்று சொல்லி என்னையும் இழுத்துப் போனாள். அவளுடைய துண்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதுதான் நான்.

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தலையை ஒருமுறை நனைத்ததும் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர்கள் வெளியேற்றுவார்கள். இவள் வெள்ளைச் சுடிதாரும் தலையில் வெள்ளைத் துணிக்கட்டுமாகப் போய், கைதட்டி, வணங்கி, கம்பியைப் பிடிக்காமல் நடு அருவியில் நட்ட கல்போல நின்றுவிட்டாள்.

"ஏ வெள்ளச் சுடிதாரு! நகரு!"

"மனசு காலியாகணும் அக்கா. ரெண்டு நிமிசம்."

"ஒனக்கு மனசு காலியாகுததுக்குள்ள எங்களுக்கு வேன் போயிரும்ட்டி!"

தண்ணீர் பனிக்கட்டிபோல இருந்தது. சிறிது நேரத்தில் அவளுடைய உடம்பு நடுங்கத் தொடங்கியது. பற்கள் தந்தியடித்தன. அந்தப் பற்களின் இடையே மந்திரம் வேறு. அப்போது சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தைத் தடுத்தார்.

"ஏ, தள்ளாதிய! சாமி வந்திருக்கு!"

அவ்வளவுதான். நெருக்கியடித்த கூட்டம் நான்கடி பின்வாங்கியது. நடுவில் ஜப்பான் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஈரத் தலையோடு முன்னால் போய் நின்றார்.

"தாயி, எம்மவளுக்கு எப்ப வரன் அமையும்? ஒரு வாக்கு சொல்லு தாயி!"

ஜப்பான் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தெரிந்தவுடன் அவள் சொல்லும் ஒரே சொல்லைச் சொன்னாள். "சுமிமாசென்."

"என்ன சொல்லுதா? ஏ பிள்ள, துண்டு வச்சிருக்கியே, ஒனக்கு வெளங்குதா?"

எனக்கு விளங்கியது. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லிவிடும் பழக்கம் என் பிறவிக் குறை. "மன்னிக்கணும்னு சொல்லுதா" என்றேன்.

அந்த அம்மாள் இடிந்துபோய் ஈரப்பாறையில் உட்கார்ந்துவிட்டார். "சாமியே மன்னிப்புக் கேக்குதே! அப்ப எம்மவளுக்குக் கல்யாணமே நடக்காதா?"

விசில் ஊதிக்கொண்டு பெண் காவலர் வந்தார். "யாரும்மா அது சாமி? சாமிய மொதல்ல வெளிய வரச் சொல்லு!" ஜப்பான் அருவிக்குள் நின்றபடியே அவருக்கு இடுப்பு வளைய ஒரு வணக்கம் செலுத்தினாள். அதற்கு என்ன செய்வதென்று தெரியாத காவலர், பழக்கத்தின் காரணமாகச் சல்யூட் அடித்துவிட்டார். காவல்துறையே சல்யூட் அடித்த பிறகு, அது சாமி இல்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த அம்மாளை மிளகாய் பஜ்ஜிக் கடை ஓரமாக உட்காரவைத்து, அவருடைய மகளுக்கு நிச்சயம் திருமணம் நடக்கும் என்று அரைமணி நேரம் ஆறுதல் சொன்னவள் நான். அவர் கொடுத்த மங்குஸ்தான் பழங்களைத் தின்றவள் ஜப்பான். நீலம் பாரித்த உதடுகளோடு, "மனசு சுத்தமா காலியாயிட்டு கோமதி-சான்" என்றாள். என் மனம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜப்பானில் உள்ள ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அவளுக்குக் காணொளி நேர்காணல் வந்தபோது, ஒரு மாதம் எனக்குக் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. இருபது கேள்விகளைத் தமிழ் எழுத்தில் அட்டைகளில் எழுதித் தந்தாள். நான் கட்டிலில் அமர்ந்து வாசிப்பேன். அவள் தரையில் முழங்காலிட்டு விடை சொல்வாள். பன்னிரண்டாவது அட்டையில் "கஸோகு" என்று ஒரு சொல் வரும். குடும்பம் என்று பொருள். நீங்கள் இங்கே வருவதற்குக் குடும்பத்தார் சம்மதிக்கிறார்களா என்பது கேள்வி. அங்கே தவறாமல் கேட்பார்களாம். அதற்கு ஜப்பான் ஒவ்வொரு முறையும் "ஹாய்" என்பாள். ஆம் என்று பொருள். மற்ற பத்தொன்பது விடைகளையும் என் கண்ணைப் பார்த்துச் சொல்வாள். இதை மட்டும் சிவப்பு நாடாவைப் பார்த்துச் சொல்வாள்.

நேர்காணலுக்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாள் நான் செங்கோட்டையில் உள்ள வீட்டுக்குப் போயிருந்தேன். திங்கள் மாலை திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, வேறு யாருடைய அறைக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். என் பாதி பளிச்சென்று இருந்தது. புத்தகங்கள் உயரவாரியாக நின்றன. மேசை தெரிந்தது. அந்த மேசையின் நிறம் பச்சை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இங்கன இருந்த தாளெல்லாம் எங்க?"

"நன்றி சொல்லி அனுப்பிட்டேன்."

"யாருக்கு நன்றி?"

"தாளுக்கு. அங்க அப்படித்தான் ஒதுங்க வைப்பாங்க. ஒவ்வொண்ணயும் கையில எடுத்து, இதுவரைக்கும் ஒழச்சதுக்கு நன்றின்னு சொல்லி, வேண்டாததக் கழிச்சிரணும். நீ ஊருக்குப் போயிருந்தப்ப செஞ்சா ஆச்சரியமா இருக்கும்லா?"

"எங்க அனுப்பின?"

"பழைய பேப்பர் அண்ணாச்சிகிட்ட. எல்லாம் போன வருசத்துக் கேள்வித்தாளுதான? நீதான் பாஸாயிட்டல்லா?"

நான் சிக்கனமானவள். துறையில் மிஞ்சிய பழைய கேள்வித்தாள்களைக் கட்டாக வாங்கி வந்து அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவேன். பழந்தமிழ்ப் பாடல்களில் அருவி என்பது என் ஆய்வேடு. முதலிரண்டு அத்தியாயங்களைத் தட்டச்சு செய்துவிட்டேன். மூன்றாவது அத்தியாயம், ஆறு மாத உழைப்பு, அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் மட்டுமே இருந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரம் இருந்தது.

"திருப்பிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

ஊரார் செருப்பையெல்லாம் திருப்பி வைத்தவள், தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கடைக்கு ஓடினோம். லாரி காலையிலேயே கிளம்பிவிட்டதாம். திரும்பி வந்ததும், அந்தத் தாள்களுக்கு ஈடாகக் கடைக்காரர் கொடுத்ததை என்னிடம் இரண்டு கைகளாலும் நீட்டினாள். ஒரு பிளாஸ்டிக் குவளை. குளியலறையில் தண்ணீர் மொள்ளுவது.

"ஒனக்குப் பிடிக்கும்னு நீலமா பாத்து வாங்குனேன்" என்றாள், மிகவும் தணிந்த குரலில்.

நான் கத்தவில்லை. கத்தத் தெரிந்திருந்தால் நல்லவளாக இருந்திருப்பேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு அவளுடைய அப்பா அழைத்தார். அவள் வகுப்பில் இருக்கும் நேரங்களில் என்னைத்தான் அழைப்பார். இரண்டு வருடமாக ஒரே கேள்வி.

"எம்மா, எம்மவ ஒழுங்கா கோச்சிங் போவுதாளா? படிக்காளா?"

இரண்டு வருடமாக என் விடை "நல்லா படிக்காப்பா" என்பதுதான். அதில் பொய் இல்லை. என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. அன்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"கோச்சிங் போகல. ஜப்பான் மொழி படிக்கா. அங்க வேலைக்குப் போகப் போறா. நாளைக்குக் காலையில பத்தரைக்கு இன்டர்வியூ."

மறுமுனையில் ஒரு மாடு கத்துவது மட்டும் கேட்டது. பிறகு, "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அறைக்குப் போய், செய்ததை அவளிடம் சொன்னேன். காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு மறைந்து திரிய எனக்கு விருப்பமில்லை. அவள் வெளியே போனாள். அரைமணி கழித்து "தடாய்மா" என்று குரல் கேட்டது. நான் வரவேற்கவில்லை. சிவப்பு நாடாவுக்கு அப்பாலேயே நின்று, ஒரு அல்வாப் பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தாள். பெரிய தவறு செய்தவர்கள் அங்கே இனிப்புப் பெட்டியோடு போய் இப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்களாம்.

"மூணாவது அத்தியாயத்துக்கு" என்றாள். அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்பும் பின்பும் வந்ததில்லை. அவளுடைய இரண்டு வருடத்தை ஒரு நிமிடத்தில் கவிழ்த்தவள் நான். என்மீது பாய்ந்து தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருந்தால், கணக்கு நேராகிவிட்டது என்று தூங்கியிருப்பேன். அடுத்தவருடைய கோபத்தை இவ்வளவு மரியாதையாக ஒருவர் திருடக்கூடாது. பெட்டியைப் பிடுங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அல்வா முழுவதையும் கோபத்தோடு நானே தின்றேன். நல்ல அல்வா. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய அப்பா வந்தார். அரிசிப் பையில்லாமல் அவர் வந்து நான் பார்த்ததில்லை. அன்று வெறுங்கையோடு வந்தார். விடுதியில் ஆண்களுக்கு முன்கூடம் வரைதான் அனுமதி. எங்கள் அறை முன்கூடத்தை ஒட்டியது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஜப்பான், விடுதியில் தங்கியிருந்த இளம் வழக்கறிஞரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டோடு, என் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்த கைப்பேசிக்கு முன்னால் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். எழுந்திருக்கப் போனாள்.

"இரி" என்றார் அவர். முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? நா என்ன பேயா, பிசாசா? அங்கன போயி கெழவன் கெழவியக் குளிப்பாட்டணுமாக்கும். ஏன், ராயகிரில கெழவங்க இல்லையா? நாளைக்கு நானே கெழவந்தான்."

நான் அட்டைகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

பத்தரைக்குத் திரையில் கண்ணாடி அணிந்த வயதான ஓர் அம்மையார் தோன்றினார். அந்த இல்லத்தின் தலைவி. ஜப்பான் வணங்கினாள். இணையத்தில் இரண்டு நொடி தாமதம். அவர் பதிலுக்கு வணங்கியதைக் கண்டு இவள் மறுபடி வணங்க, அதைக் கண்டு அவர் மறுபடி வணங்க, நான்கு சுற்று போயிற்று. பிறகு கேள்விகள் தொடங்கின. நான் திரைக்குத் தெரியாத மூலையில் அட்டைகளோடு நின்றேன். பதினோராவது கேள்வி வரை அவள் தடுமாறவே இல்லை.

பிறகு "கஸோகு" என்ற சொல் காதில் விழுந்தது.

ஜப்பான் பேசவில்லை. ஒரு மாதமாக நாள்தோறும் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லவில்லை. அம்மையார் மெதுவாக மறுபடி கேட்டார். இந்த ஒரு கேள்வியில் எல்லாம் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வெளியே போனேன். "அப்பா சம்மதிக்காரான்னு கேக்காங்க. இவ வாயத் திறக்கல."

"ஆமான்னு சொல்ல வேண்டியதான? ரெண்டு வருசமா எங்கிட்ட பொய் சொன்னவதான?"

"நீங்க ராயகிரில இருந்தா சொல்லிருப்பா. இங்கன உக்காந்திருக்கியள்லா. சொல்ல மாட்டா."

அவர் எழுந்தார். எங்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே என்னுடையதும் அவளுடையதும் தெருவைப் பார்த்திருந்தன. உள்ளே ஓரடி வைத்தவர், நின்று, குனிந்து, தம்முடைய செருப்பையும் திருப்பி வைத்துவிட்டுப் போனார். ராயகிரி வீட்டிலும் அவள் சும்மா இருந்ததில்லை என்று அப்போது புரிந்தது.

"இவுக யாரு, மொதலாளியம்மாவா?"

"ஆமாப்பா."

திரையில் அம்மையார் வணங்கினார். இவர் கைகூப்பினார். "ரெண்டு வருசமா எங்கப்பாகிட்ட பொய் சொன்னேன்னு மொதல்ல அவுககிட்டச் சொல்லு."

"அப்பா!"

"சொல்லுட்டி. பொறவு எங்கப்பா சம்மதம்னு சொல்லு. ரெண்டையும் சேத்துச் சொல்லு. பாதி சொல்லாத."

ஜப்பான் சொன்னாள். அம்மையார் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்லுதாவ?"

"அவங்களும் அவங்க அப்பாகிட்ட பொய் சொல்லிட்டுத்தான் நர்ஸுக்குப் படிக்கப் போனாங்களாம்."

"அப்பச் சரியான ஆளுகிட்டதான் போற" என்றார் அவர். "அங்கன சோறு கெடைக்குமான்னு கேளு."

வேலை கிடைத்தது. நான் மூன்றாம் அத்தியாயத்தை மூன்று வாரத்தில் மறுபடி எழுதினேன். முன்பைவிட நன்றாக வந்தது என்று சொல்லி ஜப்பானை விடுதலை செய்ய நான் தயாராக இல்லை. முன்பு இருந்ததுதான் நன்றாக இருந்தது. நீலக் குவளை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு மாத உழைப்பை அன்றாடம் காலையில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறேன்.

அவள் சென்னைக்கு ரயில் ஏறிய மாலையில் தென்காசி நிலையத்துக்குப் போயிருந்தேன். அப்பா ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வந்திருந்தார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று அவரை நம்ப வைக்கவே நேரம் போய்விட்டது. நான் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ரயில் எப்படியும் பத்து நிமிடமாவது தாமதிக்கும், அப்போது சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். எத்தனையோ நாள் தாமதமாகக் கிளம்பும் அந்த ரயில், அன்றைக்கு நொடி பிசகாமல் கிளம்பியது. அவள் வாசற்கதவில் நின்று இடுப்பு வளையக் குனிந்தபடியே போனாள். மன்னிப்புக் கேட்க அந்த ரயிலில் அன்று யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. எனக்கு இருந்தது.

போன வாரம் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய அறை வாசல். தரையில் அதே சிவப்பு நாடா. வெளியேயிருந்து வந்த செருப்பு வழக்கம்போல வெளியே பார்த்திருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் புதிய செருப்பு ஒரு ஜோடி. அது மட்டும் உள்நோக்கித் திரும்பியிருந்தது. விருந்தினர் வந்ததும் அப்படியே கால் நுழைத்து வீட்டுக்குள் வருவதற்கு அங்கே அப்படித்தான் வைப்பார்களாம். அதன்மேல் ஒரு துண்டுத் தாளில் "கோமதி-சான்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செருப்பில் அச்சிட்டிருந்த அளவு, என் அளவைவிட ஒரு எண் பெரிது. இரண்டு வருடம் நாள்தோறும் என் செருப்பைக் கையில் எடுத்தவளுக்கு என் கால் அளவு தெரியாமல் போய்விட்டது. அந்தக் கோபம்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

தென்காசி வெயிலுக்குக் காலுறை தேவையில்லை. நேற்றுக் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடித்ததாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டால் அந்தச் செருப்பு எனக்குச் சரியாக இருக்கும்.